ஒரு ரியூப், ஒரு போத்தல், ஒரு சேலைன் பை: பங்கசுக்கள் மருந்தை வெல்வது எப்படி?

“இவ்வளவு நாளும் பூசின ரியூப் எல்லாத்தையும் அடுத்தமுறை வரேக்க கொண்டு வாங்கோ” என்றார் தோல்நோய் வைத்தியர். இரண்டு வாரம் கழித்து ஒரு ஷொப்பிங் பையில் அவற்றைப் போட்டுக்கொண்டு போனேன். மேசையில் கொட்டியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆறு ரியூப்கள். எல்லாமே பாதி பிதுக்கியவை.

மழைக்காலத்தில் இடுப்பில் ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டமாகத் தொடங்கிய படர்தாமரை அது. வீட்டுக்குப் பக்கத்துப் பாமசியில் காட்டினேன். “அண்ணை, இதைப் பூசுங்கோ, மூண்டு நாளில சொறி நிண்டிடும்” என்று ஒரு கிறீம் தந்தார்கள். சொன்னது பொய்யல்ல, மூன்று நாளில் சொறி நின்றது. நானும் பூசுவதை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் வட்டம் உள்ளங்கை அளவுக்குப் பெருத்துத் திரும்பி வந்தது. வேறொரு பாமசி, வேறொரு ரியூப். பிறகு மனைவிக்கு, பிறகு சின்ன மகளுக்கு. இப்படியே எட்டு மாதம்.

வைத்தியர் ஒவ்வொரு ரியூப்பின் பின்பக்கத்தையும் வாசித்தார். ஆறில் நான்கு கிறீம்களில் ஒரு கடும் ஸ்டீரொயிட், பற்றீரியாவுக்கான ஒரு மருந்து, பங்கசுக்கான ஒரு மருந்து என மூன்றும் ஒன்றாகக் கலந்திருந்தன. “எட்டு மாதமா நீங்கள் இதுக்கு மருந்து போடேல்ல. பயிற்சி குடுத்திருக்கிறியள்” என்றார்.

அதே காலத்தில்தான் யாழ்ப்பாணத்தில் சித்தப்பாவின் வெங்காயத் தோட்டத்தில் ஒரு போத்தலைப் பார்த்தேன். தாள் கருகலுக்கு அடிக்கும் மருந்து. பெயர் டெபுகொனசோல். என் கிறீம்களில் இருந்தது குளொட்ரிமசோல். இரண்டும் ‘அசோல்’ என்று முடிகின்றனவே, உறவா என்று தேடப் போனவன், இந்தக் கட்டுரை வரை வந்து சேர்ந்தேன்.

நமக்கு நெருங்கிய சொந்தம்

பாணில் பிடிப்பதைப் பூஞ்சணம் என்கிறோம். பாடப்புத்தகம் பங்கசு என்கிறது. இந்தியத் தமிழில் பூஞ்சை. காளான், அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கும் மதுவம், தோலில் வரும் தேமல், நெல்லில் வரும் எரிபந்தம் எல்லாம் இந்த ஒரே பேரரசின் குடிமக்கள். முன்னொரு காலத்தில் இவற்றைத் தாவரங்களோடு சேர்த்தே படிப்பித்தார்கள். அது தவறு. பரம்பரையலகுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், பங்கசுக்கள் மரஞ்செடிகளைவிட விலங்குகளுக்கே, அதாவது நமக்கே, நெருங்கிய சொந்தம்.

வைத்தியத்தில் இதன் விளைவு பெரியது. பற்றீரியாவின் கலம் நம்முடைய கலத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. அதனிடம் இருந்து நம்மிடம் இல்லாத உறுப்புகள் பல. அவற்றைக் குறிவைத்துப் பென்சிலின் தொடங்கி எத்தனையோ வகை மருந்துகளைச் செய்ய முடிந்தது. பங்கசின் கலமோ நம்முடையதைப் போன்றது. நம்மைப் போலவே கருவும் மென்சவ்வும் நொதியங்களும் கொண்டது. அதைக் கொல்லும் நஞ்சுகள் பல நம்மையும் கொல்லும்.

அதனால் மருந்து தேடியவர்கள் மிகச் சில வேறுபாடுகளையே பற்றிக்கொள்ள முடிந்தது. அவற்றில் முக்கியமானவை இரண்டு. நமது கலமென்சவ்வில் கொலஸ்ரரோல் இருக்கும் இடத்தில் பங்கசின் சவ்வில் எர்கொஸ்ரரோல் என்ற அதன் உறவுப் பொருள் இருக்கிறது. மற்றது, பங்கசுக்குக் கலச்சுவர் உண்டு, நமக்கு இல்லை. இந்த இரண்டு இடைவெளிகளுக்குள்தான் கிட்டத்தட்ட முழுப் பங்கசு மருத்துவமும் நடந்துகொண்டிருக்கிறது.

கைவசம் உள்ள ஆயுதங்கள்

1950இல் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் ஒரு நுண்ணங்கியிலிருந்து நிஸ்ரற்றின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். அதன் குடும்பத்தைச் சேர்ந்த அம்போடெரிசின் பி அதே பத்தாண்டில் வந்தது. இவை எர்கொஸ்ரரோலைப் பற்றிப் பிடித்துச் சவ்வைச் சிதைப்பவை. அம்போடெரிசின் பல உயிர்களைக் காத்தது. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் வைத்தியர்கள் அதை எச்சரிக்கையோடுதான் ஏற்றுவார்கள். 2021இல் இந்தியாவில் கொவிட்டுக்குப் பின் ‘கறுப்புப் பூஞ்சை’ பரவியபோது மருந்தகம் மருந்தகமாக மக்கள் தேடி அலைந்தது இதைத்தான்.

இரண்டாவது குடும்பம் அசோல்கள். எர்கொஸ்ரரோலைச் செய்யும் ஒரு நொதியத்தை இவை அடைத்துவிடும். புளூகொனசோல், இற்றாகொனசோல், வொரிகொனசோல் எல்லாம் இதற்குள் அடங்கும். வாயால் விழுங்கலாம், விலை குறைவு, பக்கவிளைவு தாங்கக்கூடியது. 1990இல் அமெரிக்காவில் புளூகொனசோலுக்கு அனுமதி கிடைத்த பிறகு உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தின் மீதே சாய்ந்துவிட்டது.

மூன்றாவது எக்கினோகண்டின்கள். இவை கலச்சுவரைக் கட்டும் நொதியத்தைத் தடுப்பவை. முதலாவதான கஸ்போஃபங்கின் 2001இல் வந்தது. ஊசி மூலம்தான் ஏற்றலாம், விலையும் அதிகம். இவற்றைவிட, தோலுக்கும் நகத்துக்கும் டேர்பினாஃபின் இருக்கிறது. அதுவும் எர்கொஸ்ரரோல் செய்யும் வழியில்தான், அசோல்கள் மறிக்கும் இடத்துக்கு முந்திய ஒரு படியில், கைவைக்கிறது.

ஒரு பெயர் விளக்கம் இங்கே தேவை. வயிற்றெரிவுக்குப் போடும் ஒமெபிரசோலும் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும் ‘சோல்’ என்று முடிந்தாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. வெங்காயத்துக்கு அடிக்கும் டெபுகொனசோல் இந்தக் கூட்டமேதான். அது அடைப்பது வைத்தியசாலையில் வொரிகொனசோல் அடைக்கும் அதே நொதியத்தை.

உடலுக்குள் பரவிய கடுமையான பங்கசுத் தொற்றுக்கு எதிராக நிற்கும் பெரிய மருந்துக் குடும்பங்கள் மேற்சொன்ன முதல் மூன்றுந்தான். ஒன்று கைவிட்டால் மிஞ்சுவது இரண்டு.

எதிர்ப்பு எப்படி உருவாகிறது?

வைத்தியர் ‘பயிற்சி’ என்று சொன்னது பகிடிக்கு. பங்கசு எதையும் படிப்பதில்லை. நடப்பது வேறு.

ஒரு பங்கசுக் கூட்டத்தில் கோடிக்கணக்கான கலங்கள் பெருகுகின்றன. ஒவ்வொரு முறை பெருகும்போதும் பரம்பரையலகில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரதிப் பிழைகள் விழும். இவையே விகாரங்கள். பெரும்பாலானவை பயனற்றவை. ஆனால் ஏதோ ஒரு கலத்தில் விழுந்த பிழை, மருந்து பொருந்தும் இடத்தைச் சற்று மாற்றிவிடலாம். மருந்து இல்லாத நாளில் அந்தக் கலத்துக்கு அதனால் லாபமில்லை. மருந்து வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. மற்றவை சாகின்றன, அது மட்டும் மிஞ்சி வெறும் நிலத்தில் பரவுகிறது. மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைத் தேர்ந்தெடுத்து விடுகிறது. மருந்தை முழுமையாகக் கொல்லும் அளவுக்குக் குறைவாக, நீண்ட காலம், விட்டுவிட்டுப் பாவித்தால் அந்தத் தேர்வு இன்னும் திறமாக நடக்கும். நான் எட்டு மாதமாகச் செய்தது இதைத்தான்.

தப்பிக்கும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வழி, பூட்டை மாற்றுவது. மருந்து திறப்பு என்றால் நொதியம் பூட்டு. பூட்டின் உட்புறத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறினால் போதும், திறப்பு நுழையாது. ஆனால் நொதியம் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும்.

இரண்டாவது, பூட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. ஒரு பரம்பரையலகை இயக்கும் பகுதியில் மாற்றம் நேர்ந்தால் அந்த நொதியம் பல மடங்கு உற்பத்தியாகும். வரும் மருந்து எல்லாவற்றையும் அடைக்கப் போதாது. கன்டிடா அல்பிகன்ஸ் என்ற மதுவம் இதற்காக ஒரு நிறமூர்த்தத்தின் பாதியையே மேலதிகமாகப் பிரதி செய்து வைத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, இறைத்து வெளியே ஊற்றுவது. வள்ளத்துக்குள் வரும் தண்ணீரை அள்ளி ஊற்றுவது போல, கலமென்சவ்வில் உள்ள புரதப் பம்பிகள் உள்ளே வந்த மருந்தை வந்த வேகத்தில் வெளியேற்றும். பம்பிகள் கூடினால் மருந்து உள்ளே தேங்காது.

நான்காவது, மறைந்திருப்பது. சேலைன் குழாய், சிறுநீர்க் குழாய் போன்றவற்றின் உட்புறத்தில் பங்கசுக்கள் ஒன்றாக ஒட்டிப் பசை போன்ற படலத்துக்குள் வாழும். மருந்து அதற்குள் ஊடுருவுவது கடினம். குழாயைக் கழற்றாமல் மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் தொற்றுத் திரும்பத் திரும்ப வரும்.

பற்றீரியாக்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உண்டு. அவை எதிர்ப்புக்குரிய பரம்பரையலகைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு இனத்துக்கும் கைமாற்றிக் கொடுக்கும். பங்கசுக்களிடம் அந்தப் பழக்கம் குறைவு. ஆனால் பூஞ்சண வகைகளிடம் அதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது: வித்திகள். காற்றில் ஏறினால் ஊர் கடந்து, நாடு கடந்து போகும்.

தோலில் நடந்தது

படர்தாமரை யாரையும் கொல்வதில்லை என்பதால் அதைப் பற்றி நீண்ட காலம் எவரும் பெரிதாகப் பேசவில்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியத் தோல்நோய் வைத்தியர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். சில வாரங்களில் மாற வேண்டிய படர்தாமரை உடம்பெங்கும் பரந்து, குடும்பம் முழுவதற்கும் தொற்றி, டேர்பினாஃபின் குளிசைக்கும் மசியாமல் நின்றது. 2020இல் யப்பானிய ஆய்வாளர்கள், இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடமிருந்து பெற்ற இந்தப் பங்கசுக்கு டிரைக்கோபைற்றன் இந்தோற்றினியே என்று தனிப் பெயர் வைத்தார்கள்.

அதன் இரகசியம் மேலே சொன்ன முதல் வழிதான். டேர்பினாஃபின் குறிவைக்கும் நொதியத்தில் 397ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஒரு அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேறொன்று. அந்த ஒரு மாற்றம் போதுமாக இருக்கிறது.

2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயோர்க்கில் இரண்டு பெண்களிடம் இதே பங்கசு கண்டறியப்பட்டதை அறிவித்தது. ஒருவர் பங்களாதேஷ் போய் வந்தவர். மற்றவர் வெளிநாடே போகாதவர். அப்படியென்றால் அது அங்கே உள்ளூரிலேயே பரவத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதன் பெருக்கத்துக்குத் தெற்காசியாவின் முக்கலவைக் கிறீம்கள் ஒரு முக்கிய காரணம் என்று தோல்நோய் நிபுணர்கள் குற்றஞ்சாட்டுகிறார்கள். அதிலுள்ள ஸ்டீரொயிட் தோலின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது. சிவப்பும் சொறியும் அந்த எதிர்ப்பின் அடையாளங்கள் என்பதால் அவையும் அடங்கிவிடும். சுகம் வந்துவிட்டது போலத் தோன்றும். அடியிலே பங்கசு தடையின்றி வளரும், அதுவும் அரைகுறை மருந்தின் நடுவே. எனக்கு மூன்று நாளில் சொறி நின்றதன் அர்த்தம் இதுதான். என் தோலில் இருந்தது இந்த இந்தோற்றினியேதான் என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பரம்பரையலகுப் பரிசோதனைதான் சொல்ல முடியும். ஆனால் அது வளர்வதற்கு ஏற்ற நிலத்தை நான் எட்டு மாதம் பண்படுத்திக் கொடுத்தேன் என்பது உண்மை.

தோட்டத்திலிருந்து நுரையீரலுக்கு

சித்தப்பாவின் போத்தலுக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள நெதர்லாந்துக்குப் போக வேண்டும்.

அஸ்பேர்ஜிலஸ் ஃபியூமிகேற்றஸ் என்ற பூஞ்சணம் உலகெங்கும் உக்கும் இலைகுழையில் வாழ்கிறது. அதன் வித்திகளை நாம் எல்லோரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். ஆரோக்கியமான உடல் அவற்றை அழித்துவிடும். குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், உறுப்பு மாற்றம் செய்தவர், கடும் காய்ச்சலோடு அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர் ஆகியோரின் நுரையீரலில் அது முளைத்துவிடும். அப்படி முளைத்தால் முதலில் கொடுக்கும் மருந்து வொரிகொனசோல் போன்ற அசோல்தான்.

நெதர்லாந்து வைத்தியர்கள் அசோலுக்கு மசியாத அஸ்பேர்ஜிலஸை நோயாளிகளிடம் கண்டார்கள். சேமித்து வைத்த மாதிரிகளைத் திரும்பிப் பார்த்தபோது 1998ஆம் ஆண்டின் மாதிரியிலேயே அது இருந்தது. வியப்பு என்னவென்றால், அந்த நோயாளிகளில் பலர் வாழ்நாளில் ஒரு அசோல் குளிசைகூட விழுங்கியதில்லை. மருந்து படாத உடலில் மருந்தெதிர்ப்பு எப்படி வரும்? அது உடலுக்குள் உருவாகவில்லை, வெளியே உருவாகி மூச்சோடு உள்ளே போயிருக்கிறது என்பதுதான் விடை.

வெளியே தேடினார்கள். நெதர்லாந்தின் பெருமையான ரியூலிப் கிழங்குகளை அசோல் கரைசலில் தோய்த்து நடுவார்கள். அந்தப் பூந்தோட்டங்களின் கழிவுக் குவியல்களில் எதிர்ப்புடைய பங்கசு செழித்திருந்தது. உக்கும் குவியல் அதற்கு இயல்பான வீடு. அங்கே சிறிதளவு அசோல் நீண்ட நாள் தங்கினால் அதைவிடச் சிறந்த தேர்வுக்களம் வேறில்லை. நோயாளியிடமும் குவியலிலும் இருந்தது ஒரே வகை மாற்றம்: நொதியத்தை இயக்கும் பகுதியில் 34 எழுத்துகள் இரட்டிப்பு, நொதியத்தின் 98ஆம் இடத்தில் ஓர் அமினோ அமில மாற்றம். பூட்டின் எண்ணிக்கையும் கூடியிருந்தது, பூட்டும் மாறியிருந்தது. அங்கிருந்து அயர்லாந்துக்கு இறக்குமதியான கிழங்குகளிலும் எதிர்ப்புடைய வித்திகள் இருந்ததைப் பின்னர் கண்டார்கள். 2022இல் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடந்த ஓர் ஆய்வு, சூழலிலும் நோயாளியிடமும் கிடைத்த பங்கசுகளின் முழுப் பரம்பரையலகுத் தொகுதியையும் ஒப்பிட்டு, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போனதற்கான சான்றை வைத்தது.

இதன் விலை உயிர். நெதர்லாந்து வைத்தியசாலைகளில் நடந்த ஓர் ஆய்வில், மருந்துக்குப் பணிந்த அஸ்பேர்ஜிலஸ் தொற்றியவர்களில் 42 நாட்களுக்குள் இறந்தவர்கள் 28 வீதம். வொரிகொனசோலுக்குப் பணியாதது தொற்றியவர்களில் 49 வீதம்.

நமக்கும் இந்தப் பங்கசுக்கும் ஒரு துயரமான அறிமுகம் உண்டு. 2005இல் கொழும்பில் சத்திரசிகிச்சைக்காக முள்ளந்தண்டில் விறைப்பு ஊசி போடப்பட்ட ஐந்து இளம் பெண்களுக்கு இதே அஸ்பேர்ஜிலஸ் மூளையுறையில் தொற்றியது. பெரும்பாலானோர் குழந்தை பெற வந்த தாய்மார். மூவர் இறந்தார்கள். சுனாமிக்குப் பின் குவிந்த மருத்துவப் பொருட்களோடு வெப்பமும் ஈரமுமான களஞ்சியத்தில் கிடந்த ஊசிக்குழல்களின் மீது சந்தேகம் விழுந்தது. தப்பிய இருவருக்கும் கைகொடுத்த மருந்துகளில் வொரிகொனசோல் முக்கியமானது. அந்தப் பங்கசு அசோலுக்குப் பணியாத ஒன்றாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இதற்காக விவசாயியைக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல. பங்கசு ஒரு நாட்டின் தலைவிதியையே மாற்றும் என்பதை இலங்கையைவிட நன்றாக அறிந்த நாடு இல்லை. 1869இல் இங்கே பதிவான கோப்பித் துரு நோய் இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த இடத்தில்தான் தேயிலை வந்தது. 1940களின் இறுதியில் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்தது. செப்புச் சேர்வைகளோடு, ஹெக்சாகொனசோல், புரோபிகொனசோல் போன்ற அசோல்களும் மலையகத் தோட்டங்களில் அதற்கு எதிராக அடிக்கப்பட்டு வந்திருக்கின்றன. “தம்பி, இதை அடிக்காட்டி வெங்காயம் வீட்டை வந்து சேராது” என்று சித்தப்பா சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். ஐரோப்பாவில் 2010க்கும் 2021க்கும் இடையே விற்பனையான அசோல்கள் சுமார் 120,000 தொன். அதில் 99 வீதத்துக்கும் அதிகமானது பயிருக்கு. நோயாளிக்குப் போனது ஒரு துளி.

கட்டிலிலிருந்து கட்டிலுக்கு

மூன்றாவது களம் வைத்தியசாலை. 2009இல் யப்பானில் எழுபது வயதுப் பெண் ஒருவரின் காதிலிருந்து புதிய மதுவம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். இலத்தீனில் காது என்று பொருள்படும் ‘ஓரிஸ்’ என்ற சொல்லைச் சேர்த்துக் கன்டிடா ஓரிஸ் என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகளில் தெற்காசியா, தென்னாபிரிக்கா, தென்னமெரிக்கா எனத் தொடர்பற்ற இடங்களில், ஒன்றுக்கொன்று தூரத்து உறவான வகைகளாக, கிட்டத்தட்ட ஒரே காலத்தில் அது தலைகாட்டியது. ஏன் என்பதற்கு முடிந்த முடிவு இல்லை. புவி வெப்பமடைவதால் மனித உடலின் சூட்டைத் தாங்கப் பழகிய பங்கசு இது என்பது ஒரு கருதுகோள். அந்தமான் தீவுகளின் கடற்கரையிலும் உவர்ச் சேற்றிலும் இது இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். வட இந்தியாவில் களஞ்சியப்படுத்தி வைத்த அப்பிள்களின் தோலிலும் பின்னர் கண்டார்கள். மரத்திலிருந்து புதிதாகப் பறித்தவற்றில் அது இருக்கவில்லை.

அமெரிக்காவில் சோதித்த கன்டிடா ஓரிஸ் மாதிரிகளில் சுமார் 90 வீதம் புளூகொனசோலுக்குப் பணியவில்லை. சுமார் 30 வீதம் அம்போடெரிசினுக்கும் பணியவில்லை. எக்கினோகண்டினுக்குப் பணியாதவை மிகக் குறைவு. ஆனால் மூன்று குடும்பங்களுக்குமே பணியாதவையும் அங்கே பதிவாகிவிட்டன. 2019இல் அந்த நாட்டில் 476 ஆக இருந்த நோயாளர் எண்ணிக்கை 2021இல் 1,471 ஆனது.

கட்டிலின் இரும்பிலும் மேசையிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் பங்கசு இது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகர வைத்தியசாலையொன்றில் இது திரும்பத் திரும்பப் பரவியபோது காரணத்தைத் தேடியவர்கள், நோயாளிகளின் அக்குளில் வைத்து மாறிமாறிப் பயன்படுத்திய வெப்பமானியில் வந்து நின்றார்கள். அதை அகற்றிய பிறகே பரவல் அடங்கியது. பெரிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்ரோபரில் முதன்முறையாக முன்னுரிமைப் பங்கசுகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 19 பங்கசுகள். அதி ஆபத்தான முதல் நான்கில் கன்டிடா ஓரிஸும் அஸ்பேர்ஜிலஸ் ஃபியூமிகேற்றஸும் இருக்கின்றன.

மீண்டும் அதே தவறா?

புதிய மருந்துகள் வராமல் இல்லை. ஒலொரோஃபிம் என்ற மருந்து இதுவரை எந்த மருந்தும் தொடாத ஒரு நொதியத்தைக் குறிவைக்கிறது. அசோலுக்குப் பணியாத அஸ்பேர்ஜிலஸுக்கு எதிராக அதில் பெரிய நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். ஆனால் அது நோயாளிகளில் இன்னும் பரீட்சிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே, 2022இல், அதே நொதியத்தைத் தாக்கும் இப்ஃபுளுஃபெனொகுயின் என்ற பயிர் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்துவிட்டது. வைத்தியசாலைக்கு வர முன்னரே வயலில் தேர்வு தொடங்கலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். அசோல்களின் கதையை அறிந்த பிறகும் இது நடக்கிறது.

இலங்கையிலும் மனித மருந்துக்கு அனுமதி கொடுப்பது சுகாதாரத் துறை. பயிர் மருந்தைப் பதிவு செய்வது விவசாயத் துறை. தோட்டத்துப் போத்தலையும் வைத்தியசாலைச் சேலைன் பையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு ஏற்பாடு அவசியம். எந்த அசோலை எந்தப் பயிருக்கு ஒதுக்குவது, கழிவுக் குவியலை என்ன செய்வது, தோல் சுரண்டலில் பங்கசை இனங்காணும் வசதியை மாவட்டங்களுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் அந்த மேசையில் பேசவேண்டிய விடயங்கள்.

நம் கையில் இருப்பவையும் உண்டு. வட்டமாகப் பரவும் சொறிக்குப் பாமசியில் கிறீம் கேட்கும் முன், ரியூப்பின் பின்பக்கத்தில் குளோபெற்றசோல், பெற்றாமெதசோன் போன்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஸ்டீரொயிட் கலந்தது. வைத்தியரைக் கேளாமல் பூச வேண்டாம். சொறி நின்ற அன்றோடு மருந்தை நிறுத்தாமல் சொன்ன காலம் முழுவதும் பூசுங்கள். வீட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ அத்தனை பேரும் ஒன்றாகச் சிகிச்சை எடுங்கள். துவாயைத் தனித்தனியாக வைத்திருங்கள். மீதிக் குளிசையை அயலவருக்குக் கொடுக்காதீர்கள். தோட்டம் செய்பவர்கள் ஒரே வகை மருந்தையே போகம் முழுவதும் அடிக்காமல் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு வகை மாற்றி அடிப்பது நல்லது. அது வெங்காயத்துக்கும் நல்லது, ஏனென்றால் பயிரின் பங்கசும் இதே வழிகளில்தான் எதிர்ப்பைப் பெறுகிறது.

எங்கள் வீட்டில் படர்தாமரை மாற, தோலைச் சுரண்டிப் பரிசோதித்து, டேர்பினாஃபினை விட்டு இற்றாகொனசோலுக்கு மாறி, நான்கு மாதம் சென்றது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியதும் ஓர் அசோல்தான். அதனால்தான் அது வேலை செய்யாத ஒரு நாளை நினைக்க எனக்கு விருப்பமில்லை.

போன கிழமை சித்தப்பா மருந்துக் கடையில் நின்றபடி போன் எடுத்தார். “தம்பி, இவங்கள் வேற ஒரு போத்தல் தாறாங்கள். இதுவும் ‘கொனசோல்’ எண்டுதான் முடியுது. இது உன்ர கூட்டமோ?”

ஓம் என்றேன். போனை வைக்காமலே கடைக்காரரிடம் திரும்பி, வேறு வகை இருக்கிறதா என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது.